செவ்வாய்ச் சுவரில் ஒரு முகம்

ஆக்னஸ் ஒயரைப் பிடுங்கிவிட்டாள்.

மேஜைக்கு அடியில் மண்டி போட்டு, கம்ப்யூட்டருக்குப் பின்னால் கையை விட்டு, இன்டர்நெட் ஒயர் எது என்று தடவிப் பார்த்து, ஒரே இழுப்பு. திரையில் அறுபத்திரண்டு சதவீதம் வரை ஏறியிருந்த பச்சைக் கோடு அப்படியே நின்றது.

"மேடம், இன்னா பண்ணிக்கினு கீறீங்க?" அழகேசன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "காலீல ஆறு மணிலேர்ந்து ஏத்திகினு கீறேன். நாலு மணிக்குள்ள போய்ச் சேரலேன்னா வாங்கற கம்பெனிக்காரன் கதவ சாத்திடுவான்."

"தெரியும்ணே. பதினாலாவது நிமிஷத்துக்குப் போங்க. டீக்கடை சீன்."

"நூறு தபா பாத்தாச்சு."

"இன்னொரு தபா பாருங்க."

மணி பத்து ஐம்பது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த ஸ்டுடியோ. கீழே பிரஸ் மெஷின் இறங்கும்போதெல்லாம் மேலே பென்சில்கள் உருளும். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் 'செவ்வாய் ஷேர் ஆட்டோ' என்ற கார்ட்டூன் தொடர் தயாராகிக்கொண்டிருந்தது.

கதை நடப்பது இன்னும் முந்நூறு வருடம் கழித்து. ஆறு பேர் உட்காரும் விண்கலத்தில் பதினாலு பேரை அடைத்துக்கொண்டு கேப்டன் கொடுக்காப்புளி கிரகம் கிரகமாக டிரிப் அடிப்பார். கலத்தின் மூக்கில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கும். ஆயுத பூஜையன்று ரோபோ தனக்குத்தானே சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு, தனக்கே பொரி படைத்துக்கொள்ளும். எட்டுக்கை அமைச்சரின் பேத்திக்குக் காதுகுத்து என்றால், சனிக்கிரகத்தின் வளையத்தைச் சுற்றிலும் பேனர். அடியில் வாழ்த்தும் தொண்டர்களின் வட்ட முகங்கள் மட்டும் நாற்பதாயிரம். டி.வி. சீரியல் மாமியாராக ஒரு கருந்துளை வரும். அது முறைத்தால் மூன்று முறை இடி இடிக்கும்.

ஜனங்களுக்குப் பிடித்துவிட்டது. எட்டு எபிசோடு வெளியாகிவிட்டது. ஏறிக்கொண்டிருந்தது ஒன்பதாவது.

ஆக்னஸுக்கு வரையத் தெரியாது. அவள் வேலை வேறு. தொடரில் வருகிற ஒவ்வொரு கிண்டலையும் ஒரு பதிவேட்டில் எழுதவேண்டும். எதைக் கிண்டல் செய்கிறோம், அது எங்கிருந்து வந்தது, உயிரோடு இருக்கும் ஆள் யாராவது அதில் மாட்டுகிறாரா? கடைசியில் அவள் கையெழுத்து. அது இல்லாமல் எபிசோடு வெளியாகக்கூடாது.

நான்காவது எபிசோடில் ஒரு பச்சை நிற மண்டப முதலாளி வந்தார். பூந்தமல்லியில் நிஜமாகவே ஒரு மண்டப முதலாளி, அது தன் மூக்குதான் என்று வக்கீல் நோட்டீஸ் விட்டார். தொடரை வாங்கி வெளியிடும் கம்பெனி ஒரே வரியில் மெயில் போட்டது. இன்னொரு முறை நிஜ ஆளின் முகம் சம்மதக் கடிதம் இல்லாமல் வந்தால், தொடர் அன்றோடு சரி. பதினோரு பேர் வேலை. மூன்று வருட உழைப்பு. அந்த நான்காவது எபிசோடிலும் இருந்தது ஆக்னஸின் கையெழுத்துதான்.

அழகேசன் பதினாலாவது நிமிடத்தில் படத்தை நிறுத்தினார். செவ்வாயில் ஒரு டீக்கடை. கேப்டன் பாய்லர் பக்கத்தில் நின்று பேசுகிறார். பின்னால் சிவப்புச் சுவர். சுவரில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர்.

இந்த எபிசோடின் பெரிய சிரிப்பே அதுதான். செவ்வாயில் யாராவது ஊரைவிட்டுப் போய்விட்டால், சொந்தக்காரர்கள் உடனே கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டிவிடுவார்கள். போனவர் திரும்பி வந்து, தன் போஸ்டருக்கு முன்னால் நின்று, "போட்டோ நல்லா இல்லையே" என்று வருத்தப்படுவார்.

"முகத்தப் பெரிசு பண்ணுங்கண்ணே."

பெரிதாயிற்று. பச்சைத் தோல். நெற்றியில் மூன்றாவது கண். ஆனால் இடது புருவத்தை இரண்டாக வெட்டியது போல ஒரு தழும்பு. வலது காது மடலில் ஒரு கிழிசல். மீசையில் ஒரு பக்கம் மட்டும் நரை.

"மத்த பச்சை மனுசனெல்லாம் எப்படி இருக்கான்? முட்டைக்கு மீசை வச்ச மாதிரி. கற்பனையில வரையிறவன் காது மடலைக் கிழிக்க மாட்டான்ணே. இது யாரையோ பார்த்து வரைஞ்சது."

அழகேசன் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுத் திரைக்குக் கிட்டே போனார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், இந்த ஆள எனக்குத் தெரியும்."

"யாரு?"

"அண்ணனூர் ரயில் கார் ஷெட்ல வேல பாத்து ரிடையர் ஆனவரு. வீராசாமி. நான் டெய்லி வேப்பம்பட்டுலேர்ந்து வர்ற வண்டி திருநின்றவூர்ல நிக்கச் சொல்ல, பெஞ்சில குந்திகினு கண்ண மூடி பிரேக் சத்தத்த கேட்டுகினு இருப்பாரு. எந்தப் பொட்டில இன்னா ரிப்பேர்னு சொல்லுவாரு. கரீட்டா இருக்கும்."

"கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

"வெள்ளிக்கெழம."

போஸ்டரில் மறைவு என்று போட்டிருந்த தேதி நான்கு வருடத்துக்கு முந்தையது.

"படத்துல மங்கலாக்கிடலாமா?"

"அந்த ஷாட்டு நாப்பது செகண்டு. கேமரா நவுந்துகினே போவுது. திருப்பி அடுக்கி எடுக்க ஒம்போது மணி நேரம் ஆவும். ஒரு மணிக்குள்ள ஒயர மாட்டுனாத்தான் இதுவே நாலுக்கு முடியும்."

பேக்ரவுண்டு வரைபவன் நிர்மல். இன்று லீவு. போன் செய்தாள். ஸ்விட்ச் ஆஃப்.

ஆக்னஸ் பதிவேட்டைப் புரட்டினாள். ஒன்பதாவது எபிசோடு, பதினேழாவது கிண்டல், கண்ணீர் அஞ்சலி. 'எங்கிருந்து வந்தது' என்ற கட்டம் காலி. இத்தனை நாள் அது அவள் கண்ணில் படவில்லை என்பதே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

இயக்குநர் மதியின் அறை கண்ணாடித் தடுப்புக்கு அப்பால். டைட்டிலில் மதி பிரசன்னா என்று வரும். பிரசன்னா அவள் கணவர். மதிக்கு முப்பத்திரண்டு வயசு. இந்தத் தொடரில் வசனம், கேப்டனின் நடை, தும்மல் வரைக்கும் அவள் யோசித்ததுதான்.

ஆக்னஸ் பிரிண்ட் எடுத்த படத்தை மேஜையில் வைத்தாள். மதி ஒரு விநாடி பார்த்தாள். அடுத்த விநாடி ஜன்னலைப் பார்த்தாள்.

"யாரு மதி இது?"

"யாரோ ஒருத்தர். செத்துட்டார்."

"எப்போ?"

"அதான் போஸ்டர்லயே போட்டிருக்கே."

"போஸ்டர்ல மூணு கண்ணும்தான் போட்டிருக்கு."

மதி சிரிக்கவில்லை. "செத்தவங்க கேஸ் போட மாட்டாங்க. உன் ரூல்தானே அது?"

"செத்தவங்கன்னா குடும்பத்துல யாராவது எழுதித் தரணும். இல்ல, இறப்புச் சான்றிதழ். ரெண்டும் இல்ல. எங்கிருந்து வந்ததுன்னும் எழுதல."

"எல்லாத்துக்கும் எங்கிருந்துன்னு எழுத முடியுமா? கற்பனை."

"எலுமிச்சம்பழத்துக்கு எந்த ஒர்க் ஷாப் வாசல்ல பார்த்ததுன்னு எழுதியிருக்கீங்க. இதுக்கு மட்டும் கற்பனையா?"

"கையெழுத்துப் போடு ஆக்னஸ். பொறுப்பு என்னுது."

"பொறுப்பு கையெழுத்துப் போட்டவளுக்கு. போன தடவை நான்தானே திட்டு வாங்கினேன்."

மதியின் உதடு இறுகியது. அந்த முகத்தில் பயம் இல்லை. அதுதான் ஆக்னஸைக் கலக்கியது. தன் தொடரே போகப்போகிறது என்று தெரிந்தும் பயப்படாத ஒருத்தி, தெரிந்தேதான் செய்திருக்கவேண்டும். வேறு கம்பெனி ஏதாவது கூப்பிட்டிருக்கிறதா? இதை உடைத்துவிட்டுப் போகத் திட்டமா? அப்படியானால் பழி விழப்போவது பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவள் தலையில்.

வீராசாமி உயிரோடு இருக்கிறார் என்று மதியிடம் அவள் சொல்லவில்லை. சம்மதக் கடிதம் ஒன்றை பிரிண்ட் எடுத்து, பையில் திணித்துக்கொண்டு படியிறங்கினாள்.

பட்டரவாக்கம் ஸ்டேஷனில் திருவள்ளூர் வண்டி பதினொன்று இருபத்தைந்துக்கு வந்தது. கூட்டம் இல்லை. கதவோரம் நின்றவளின் போன் உடனே அடித்தது. மதி.

"எங்க இருக்க?"

"கீழ டீ குடிக்க வந்தேன்."

"வண்டிச் சத்தம் கேக்குது."

ஆக்னஸ் கதவோரத்திலிருந்து உள்ளே நகர்ந்தாள்.

"எந்தப் பக்கம் போற வண்டி ஆக்னஸ்?" மதியின் குரல் மாறியிருந்தது. "ஆவடிப் பக்கமா? அதத் தாண்டியா?"

ஆக்னஸ் எங்கே போகிறாள் என்று மதி ஊகித்துவிட்டாள். அப்படியென்றால் அந்த ஆள் எங்கே இருக்கிறார் என்று மதிக்குத் தெரியும். செத்துப்போன ஆள்.

"திரும்பி வந்துடு. அந்த ஆளுகிட்ட எதுக்காகவும் போய் நிக்காத. எபிசோடு போனா போகட்டும்."

லைன் கட்டானது. எபிசோடு போனால் போகட்டுமா? ராத்தூக்கம் இல்லாமல் ஒவ்வொரு ஃபிரேமாகச் செதுக்கியவள் சொல்கிற வார்த்தையா இது?

ஆவடியில் பாதிப் பெட்டி காலியாயிற்று. இந்துக் கல்லூரி ஸ்டேஷன் தாண்டும்போது மறுபடியும் போன். நிர்மல்.

"அக்கா, மிஸ்டு கால் பார்த்தேன். சித்தப்பா வீட்டு கிரகப்பிரவேசம், அதான் போனை ஆஃப் பண்ணி..."

"டீக்கடை போஸ்டர்ல அந்த மூஞ்சி யாரு நிர்மல்?"

மறுமுனையில் நாதஸ்வரம் மட்டும் கேட்டது.

"நிர்மல்."

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாங்க அக்கா."

"யாரு சொன்னா?"

"மதி மேடம்தான். பழைய போட்டோ ஒண்ணு குடுத்தாங்க. தழும்பு, காது, எதையும் விடாம வரையச் சொன்னாங்க. தேதியும் அவங்களே எழுதிக் குடுத்தாங்க. யார் மேடம்னு கேட்டேன். செத்துட்டார்னாங்க. நானும் பாவமேன்னு, மாலையைக் கொஞ்சம் பெரிசாப் போட்டேன்."

"போன மாசமே என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"டைரக்டர் சொல்லாதேன்னா சொல்ல முடியுமாக்கா? ஏன், அவருக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்காராம்."

நிர்மல் 'ஐயோ' என்றானா, நாதஸ்வரம் அப்படிக் கேட்டதா, தெரியவில்லை.

திருநின்றவூரில் இறங்கி ஏரிப் பக்கம் ஆட்டோ பிடித்தாள். கார் ஷெட் வீராசாமி என்றதும் ஆட்டோக்காரர் முகவரி கேட்கவில்லை. ஒரு சின்ன மாடி வீட்டின் முன்னால் இறக்கிவிட்டார். மணி பன்னிரண்டு பத்து. இன்னும் ஐம்பது நிமிடம்.

கேட்டைத் தட்டினாள்.

கொல்லைப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். கையில் அரிவாள். உடம்பெல்லாம் மீன் செதில். இடது புருவத்தில் தழும்பு. காது மடலில் கிழிசல். ஒரு பக்கம் நரைத்த மீசை. நெற்றிக் கண் ஒன்றுதான் குறை.

"இன்னாமா, யாரு வோணும்?"

"வீராசாமி ஐயா நீங்கதானே?"

"நான்தான். உள்ள வா. வெரால் மீனு அறுத்துகினு கீறேன். கைய கழுவிகினு வந்துடறேன்." திரும்பியவர் நின்றார். "ஏம்மா வாசல்லயே நிக்கிற? வண்டி நவுந்தாத்தான் காத்து வரும்."

ஆக்னஸ் நகரவில்லை. அது கேப்டன் கொடுக்காப்புளியின் வசனம். ஒவ்வொரு எபிசோடிலும் விண்கலம் கிளம்புமுன் அவர் சொல்வது. டீ-ஷர்ட்டில்கூட அச்சடித்து விற்கிறார்கள். இந்த மனுஷர் அதைக் காப்பியடித்துச் சொல்லவில்லை. வாயில் ஊறிய பேச்சு.

கை கழுவிவிட்டு வந்து நாற்காலியில் உட்காரும்போது அவர் முதலில் வலது முழங்காலைத் தட்டிவிட்டு, பிறகு உட்கார்ந்தார். கேப்டனும் அப்படித்தான் உட்காருவார்.

ஒரு போஸ்டர் மட்டும் அல்ல. எட்டு எபிசோடு முழுக்க, முதல் ஃபிரேமிலிருந்து இந்த ஆள்தான் விண்கலம் ஓட்டிக்கொண்டிருக்கிறார். பதிவேட்டில் கேப்டனுக்கு நேராக 'கற்பனை' என்று எழுதி, கீழே ஆக்னஸ் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். இவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"ஐயா, நான் ஒரு கார்ட்டூன் கம்பெனியிலிருந்து வர்றேன்."

"செவ்வாய் ஷேர் ஆட்டோ."

"பார்த்திருக்கீங்களா?"

"பக்கத்தூட்டு பவித்ரா போன்ல போட்டுக் குடுத்தா. எட்டும் பாத்துட்டேன். அந்த கேப்டன் பய என்ன மாரியே பேசறான், என்ன மாரியே குந்தறான், பொய் சொல்றதுக்கு முன்னால என்ன மாரியே கனைக்கறான். தெருவே என்ன கொடுக்காப்புளின்னு கூப்புடுது. பவித்ரா ஊட்டுக்காரரு கேஸ் போடு மாமா, நான் வக்கீல்கிட்ட இட்டுகினு போறேன்றாரு."

இனி மறைத்துப் பிரயோஜனம் இல்லை. பையிலிருந்து படத்தை எடுத்து நீட்டினாள்.

"இது இன்னிக்கு வரப்போற எபிசோடு. உங்க முகத்தை இப்படிப் போட்டிருக்காங்க. நீங்க சம்மதிச்சு எழுதிக் குடுத்தாத்தான் வெளியிட முடியும். இல்லேன்னா தொடரே நின்னுடும். சம்மதிக்கணும்னு நான் கட்டாயப்படுத்தல. எனக்கே இது தப்புன்னுதான் படுது."

அவர் படத்தைக் கையில் வாங்கிக்கொண்டார். கண்ணீர் அஞ்சலி என்ற எழுத்தைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். தேதியை வெகுநேரம் பார்த்தார். வெளியே மீனுக்காகக் காத்திருந்த பூனை கத்தியது.

"யாரு வரைஞ்சது?"

"எங்க பையன். ஆனா வரையச் சொன்னது டைரக்டர்."

"அவங்களா சொன்னாங்க?"

"அவங்கதான்."

"கோவமா சொன்னாங்களா?"

என்ன கேள்வி இது? "தெரியல ஐயா. ஆனா, எபிசோடே போனாலும் பரவாயில்ல, உங்ககிட்ட போய் நிக்காதேன்னு சொன்னாங்க."

வீராசாமி தலையை ஆட்டிக்கொண்டார்.

"பேனா கீதா?"

கடிதத்தை முழங்கால் மேல் வைத்து, ஒரு வரிகூடப் படிக்காமல், மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டார். கேப்டன் பாத்திரத்துக்கும் சேர்த்து ஒரு வரி எழுதித் தரமுடியுமா என்று தயங்கிக் கேட்டாள். அதையும் தமிழில் எழுதி, தேதி போட்டுக் கொடுத்தார்.

ஆக்னஸ் வேகமாகப் போட்டோ எடுத்து அழகேசனுக்கு அனுப்பினாள். பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்குப் பதில் வந்தது. 'மறுபடி ஏறுது மேடம்.'

மூச்சு விட்டாள். ஆனால் சந்தேகம் விடவில்லை. ஒரு மனுஷர் தன் சாவுக்கு இவ்வளவு சுலபமாகவா கையெழுத்துப் போடுவார்?

"படிக்காமயே போட்டுட்டீங்களே ஐயா."

"ஒரு மனுசன் உசுரோட இருக்கச் சொல்ல அவனுக்குக் கண்ணீர் அஞ்சலி அடிக்கறது குத்தம்தானேம்மா?"

"குத்தம்தான்."

"கேஸ் போடலாம்ல?"

"தாராளமா போடலாம்."

"அப்ப மொதல்ல என் மேலதான் போடணும்."

எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. துணிகளை விலக்கும் சத்தம். திரும்பி வந்தபோது கையில் ரப்பர் பேண்டு போட்டுச் சுருட்டிய காகிதம் ஒன்று இருந்தது. அவளிடம் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"ஐந்நூறு அடிச்சேன். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்து போட்டுகினு அந்தப் பையனோட நேரா இங்கதான் வந்து நின்னா. வேற சாதிப் பையன். நான் பேசவே இல்ல. அப்டியே செருப்ப மாட்டிகினு பிரஸ்ஸுக்குப் போனேன். ஸ்டேஷன்லேர்ந்து ஏரி வரிக்கும் நானே பசை காய்ச்சி ஒட்டினேன். மறுநாள் காலீல ரயில் ஏற வந்தவ, பிளாட்பாரச் சொவுத்துல ஒவ்வொண்ணா படிச்சிகினே போனாளாம். பாத்தவங்க சொன்னாங்க. இது ஒண்ணுதான் மீந்துச்சு."

ஆக்னஸ் ரப்பர் பேண்டைக் கழற்றிக் காகிதத்தை விரித்தாள்.

கறுப்புக் கட்டம். செவ்வாய்ச் சுவரில் இருந்த அதே தேதி. கண்ணீர் அஞ்சலி. நடுவில் பட்டமளிப்பு அங்கியில் ஓர் இளம்பெண். கன்னம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. முடி நீளமாக இருந்தது. மற்றபடி இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், ஜன்னலைப் பார்த்தபடி, "செத்துட்டார்" என்று சொன்ன அதே முகம்.

"மதிவதனி," என்றார் வீராசாமி, திரும்பாமலே. "என் பொண்ணு."